யார் நிறுத்தினால் நிற்கும்?

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான பிட்காயின் கட்டுரையை வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் படிக்கிறேன். மொத்தம் 9 பக்கம். கடைசியில் 8 மேற்கோள்கள். ‘பிளாக்செயின்’ என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. வங்கி என்கிற மூன்றாம் ஆளை நம்பாமல் இரண்டு பேர் இணையத்தில் பணம் மாற்றிக்கொள்ள முடியுமா என்ற ஒரே கேள்விதான் அதற்கு. எழுதியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஆனால் யார் என்ன செய்கிறார்கள் என்பது அந்தக் கட்டுரைக்குள் தெளிவாக இருக்கிறது. வலையமைப்பு இயங்கும் விதத்தை அது ஆறு படிகளில் சொல்கிறது. பரிவர்த்தனைகளைச் சேகரிப்பது யார், புதிய தொகுதியைச் சரிபார்ப்பது யார், ஏற்பதோ மறுப்பதோ யார்? நோடுகள். அந்த நோடை நீங்களும் ஓட்டலாம், நானும் ஓட்டலாம்.

இதே தொழில்நுட்பத்தின் பெயரில் இன்னொரு எழுத்துவகை உண்டு. நிறுவனங்கள் வெளியிடும் வெள்ளை அறிக்கை. அதன் மொழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். “நம்பகத்தன்மை உறுதிசெய்யப்படுகிறது.” “தரவு பகிரப்படுகிறது.” “இடைத்தரகர்கள் நீக்கப்படுகிறார்கள்.” எல்லாம் செயப்பாட்டுவினை. உறுதிசெய்வது யார்? நீக்குவது யார்? எழுவாயைத் தேடினால் கிடைக்காது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. இந்த வாக்கியங்களை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான்.

2019இல் பெங்களூரில் நான் இருந்த குழு, ஆர்கானிக் பருத்தியைப் பண்ணையிலிருந்து சட்டை வரை தடம்பிடிக்கும் ஒரு பிளாக்செயினைக் கட்டியது. வாடிக்கையாளர் ஒரு வெளிநாட்டு ஆடை நிறுவனம். ஜின்னிங், ஸ்பின்னிங், சாயம், தையல் என்று நான்கு கட்டம். கட்டத்துக்கு ஒரு நோடு. “எல்லோருக்கும் சம உரிமை” என்று ஸ்லைடில் எழுதியது நான்தான். திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது, அறுபது வயது மதிக்கத்தக்க மேலாளர் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, எங்க நோடு எங்க நோடுங்கறீங்களே, அது எங்கீங்க இருக்குது?”

“மும்பைல சார், கிளவுட்ல.”

“அதோட சாவி?”

“எங்ககிட்டதான் சார். நாங்களே பாத்துக்குவோம், உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்ல.”

“அப்புறம் அதெப்படிங்க எங்க நோடு? எங்க பேரை எழுதி ஒட்டுன உங்க பொட்டிதானுங்க?”

நான் சிரித்துச் சமாளித்தேன். நான்கு நோடுகளும் ஒரே கிளவுட் அக்கவுண்டில் இருந்தன. அதற்கு மாதாமாதம் பில் கட்டியது அந்த ஆடை நிறுவனம். அட்மின் உரிமை எங்கள் குழுவில் மூன்று பேரிடம். ஒரு சாதாரண டேட்டாபேஸ் செய்ய வேண்டிய வேலையை நாலு மடங்கு செலவில் செய்துகொண்டிருந்தோம் என்று எங்களுக்கே தெரியும். அந்தச் செலவால் வந்த லாபம் ‘பரவலாக்கம்’ என்ற சொல் மட்டும்தான்.

எங்களுடையது சின்ன வேலை. பெரிய வேலையும் இதே இடத்தில்தான் போய் முட்டியது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு குளிர்சாதனச் சரக்கை 2014இல் மெர்ஸ்க் நிறுவனம் பின்தொடர்ந்து பார்த்தது. ஏறக்குறைய 30 பேரும் அமைப்புகளும் அதைக் கடத்திவிட, 200க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் தேவைப்பட்டன. நிஜமான பிரச்சினை. இதைத் தீர்க்க ஐபிஎம்முடன் சேர்ந்து 2018இல் டிரேட்லென்ஸைத் தொடங்கினார்கள். துறைமுகங்களும் சுங்கத் துறைகளும் சேர்ந்தன. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்ற போட்டி நிறுவனங்களும், முதலில் தயங்கினாலும், பிறகு வந்தன. 2022 நவம்பர் 29 அன்று மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் அதை மூடப்போவதாக அறிவித்தன. உலக அளவில் முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை, வணிகரீதியாகத் தாக்குப்பிடிக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2023இன் முதல் காலாண்டோடு கதை முடிந்தது.

தோல்வியைக் குறை சொல்ல மாட்டேன். மென்பொருள் திட்டங்கள் தோற்பது சகஜம். என்னை உறுத்துவது, அது மூடப்பட்ட விதம். பலருக்கும் பொதுவான பேரேடு என்று சொல்லப்பட்ட ஒன்றை இரண்டு பேர் பேசி முடித்து நிறுத்திவிட முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர் பிளாக்செயின் சேவையும் அப்படித்தான். 2021 மே மாதம் அறிவிப்பு, செப்டம்பர் 10 அன்று மூடல். அழிக்கவே முடியாத பேரேட்டுக்கு நான்கு மாத நோட்டீஸ்!

தொழில்நுட்ப இறையாண்மை என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘இறை’ என்றால் அரசன். திருக்குறளின் 39ஆம் அதிகாரம் ‘இறைமாட்சி’ அரசனைப் பற்றியதுதான். அதே ‘இறை’க்கு வரி என்றும் பொருள் உண்டு. ஆள்பவனும் அவன் வாங்குவதும் ஒரே சொல்லில் இருக்கிறார்கள். கிளவுட் சந்தா கட்டும் எவருக்கும் இந்தச் சொற்பொருள் விளக்கம் தேவைப்படாது.

2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. காசு கட்டியிருந்தும் தங்கள் மின்னஞ்சலையும் தரவையும் தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாள்களில் சேவை திரும்பியது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். இந்தியாவில் இருக்கும் ஒரு ஆலையின் மின்னஞ்சலை இந்தியாவுக்கு வெளியே எடுத்த ஒரு முடிவு நிறுத்தியது என்பதே எனக்கு முக்கியம்.

இந்த மாதிரிச் செய்தி வந்த மறுவாரமே யாராவது ஒருவர் “இதுக்குத்தான் பிளாக்செயின் வேணும்” என்று ஆரம்பிப்பார். எந்தப் பிளாக்செயின்? நோடுகள் அதே கிளவுடில் ஓடினால், மின்னஞ்சலோடு சேர்ந்து பேரேடும் நிற்கும். ஹேஷ் கணக்கு எவ்வளவு கறாராக இருந்தாலும் மின்சார பில் யார் பெயரில் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

அதனால் என்னிடம் இப்போது ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது: யார் நிறுத்தினால் இது நிற்கும்? பிட்காயினை இதில் வைத்துப் பார்க்கலாம். 2021இல் சீனா பிட்காயின் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. வலையமைப்பின் கணிப்புத்திறன் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. தொகுதிகள் கொஞ்சம் தாமதமாக வந்தன, அவ்வளவுதான். அதற்கு முன் 2017 ஆகஸ்டில் விதிகளை ஏற்காத ஒரு கூட்டம் பிரிந்து பிட்காயின் கேஷ் தொடங்கியபோது, அதுவரையிலான மொத்தப் பேரேட்டையும் கையோடு கொண்டுபோனது. வெளியேறும் உரிமை என்பது இதுதான். பிட்காயினை நான் கும்பிடச் சொல்லவில்லை. அது குடிக்கும் மின்சாரமும், அதன் பெயரில் நடக்கும் சூதாட்டமும் எனக்கும் உவப்பில்லை. ஆனால் அந்த மின்சாரம் எதை வாங்குகிறது என்பதையாவது நேர்மையாகச் சொல்ல வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காத நிலையை வாங்குகிறது. நிறுவனங்கள் வேண்டாம் என்று முதலில் கழித்துவிட்டதும் அதைத்தான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டன.

ஒருவரை ஒருவர் முழுக்க நம்பாத பத்து நிறுவனங்கள், தங்கள் நோடைத் தங்கள் இடத்தில், தங்கள் ஆளை வைத்து ஓட்டினால், விதியை மாற்ற எல்லோரும் கூடிப் பேச வேண்டியிருந்தால், விலகுபவர் பேரேட்டின் நகலோடு விலக முடிந்தால், அங்கே பிளாக்செயினுக்கு வேலை இருக்கிறது. அது கடினம், செலவும் அதிகம். அந்தச் செலவைச் செய்ய மனமில்லை என்றால் டேட்டாபேஸ் போதும். அதை டேட்டாபேஸ் என்றே சொல்வோம்.

எங்கள் திட்டம் இரண்டு வருடத்தில் நின்றது. ஆடை நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சர்வர்களை அணைக்கும் முன் ஒவ்வொரு மில்லுக்கும் அவர்கள் பதிவுகளை ஒரு எக்செல் கோப்பாக அனுப்பச் சொன்னார்கள். நான்தான் அனுப்பினேன். அந்த மேலாளருக்கு போன் செய்து, கோப்பு வந்துவிட்டதா என்று கேட்டேன்.

“வந்துதுங்க தம்பி. ஆனா நம்ம நோட்டுலயே எல்லாம் இருக்குதுங்களே. அதப் பாத்துத்தான நம்ம பையன் உங்க கம்ப்யூட்டர்ல ஏத்துனான்.”

ஸ்லைடில் நான் எழுதிய “எல்லோருக்கும் சம உரிமை” என்ற வரியில் எழுவாய் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நோட்டில் இருந்தது. அவர் கைப்பட எழுதி வைத்திருந்தார்.