ஸ்காட்லாந்து ஏன் சின்னதாச்சு? பிபிசி வானிலைப் படமும் பார்வையாளர் புகார்களும்

2005 மே 16. பிபிசி தன்னுடைய தொலைக்காட்சி வானிலை அறிக்கையின் தோற்றத்தை மொத்தமா மாத்துச்சு. முப்பது வருஷமா பிரிட்டன் மக்கள் பார்த்துப் பழகின குட்டி மேகங்களும் சூரியன்களும் வரைபடத்திலிருந்து போய்விட்டன. அந்த இடத்தில் வந்தது ஒரு முப்பரிமாண நிலம். நிலத்தின் நிறம் பழுப்பு. அதன்மேல் நீலமாக நகரும் மழை. தெற்கில் கிளம்பி நாட்டின் மேல் பறந்து போகிற மாதிரி ஒரு கேமரா.

புகார்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. நாடு வறட்சியில் காய்ந்த மாதிரி இருக்கு, கேமரா பறப்பதில் தலை சுத்துது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னே தெரியல, ஸ்காட்லாந்து சுருங்கிப் போச்சு. இந்த மாதிரி சம்பவங்களுக்கு ஒரு ரெடிமேட் விளக்கம் உண்டு: "ஜனங்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது, கொஞ்ச நாள்ல பழகிடும்." வடிவமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 2005 கதையையும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லி முடிக்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. புகார்களை ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், அதில் சிலது வெறும் பழக்கதோஷம், சிலது தொழில்நுட்ப ரீதியாகவே சரியான விமர்சனம். எது எதுன்னு பிரிக்கிறதுக்கு ஒரு வழியும் இருக்குன்னு நினைக்கிறேன்.

முதலில் பழைய படம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம்.

துணி காயப்போடலாமா?

பிபிசி டிவியில் ஒரு வானிலையாளர் முதல்முறையாகத் திரையில் தோன்றி அறிக்கை சொன்னது 1954 ஜனவரி 11. அவர் பெயர் ஜார்ஜ் கவ்லிங். மெட் ஆபிஸ் என்கிற அரசு வானிலைத் துறையின் ஊழியர். வரைபடத்தில் கையாலேயே வரைந்து காட்டினார். நாளைக்குக் காத்து நல்லா வீசும், துணி காயப்போட ஏத்த நாள் என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு இந்தத் தகவல் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வானிலை அறிக்கை என்பது என்ன வேலைக்கு என்று முதல் நாளே தெளிவா இருந்திருக்கு. பார்க்கிறவர் நாளைக்கு ஒரு காரியம் செய்யணும், அதுக்கு ஒரு முடிவு எடுக்கணும்.

1975இல் மார்க் ஆலன் வடிவமைத்த சின்னங்கள் வந்தன. அப்போது அவர் நாரிச் கலைப் பள்ளியில் படித்த மாணவர். வெள்ளை மேகம், கறுப்பு மேகம், மேகத்துக்குக் கீழே மழைத்துளி, மின்னல் கீற்று, மேகத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் சூரியன். ஆரம்பத்தில் இவை காந்தம் வைத்த வில்லைகள். வானிலையாளர் ஒவ்வொன்றாக எடுத்து வரைபடத்தில் ஒட்டுவார். சில சமயம் கழன்று விழும், அதுவும் ஒரு வேடிக்கை. 1985இல் கணினி வரைகலைக்கு மாறியபோதும் சின்னங்கள் அதேதான். மொத்தம் முப்பது வருஷம் நின்ற வடிவமைப்பு.

இந்தச் சின்னங்களில் உள்ள ஒரு விஷயம் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. வடக்கு வேல்ஸின் மேல் ஒரு கறுப்பு மேகத்தை வைத்தால், அங்கே எல்லா இடத்திலும் நாள் முழுக்க மழைன்னு யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "இந்தப் பக்கத்துக்கு நாளைக்குப் பொதுவா இதுதான் நிலைமை" என்று ஒரு ஆள் யோசித்துச் சொன்ன கருத்து அது. இரண்டு சின்னங்களுக்கு நடுவே இருக்கும் காலி இடமும் ஒரு தகவல்தான். இங்கே ஏறக்குறையத்தான் சொல்ல முடியும் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

படம் சினிமா ஆனபோது

2005இல் வந்த மென்பொருளின் பெயர் வெதர்ஸ்கேப் எக்ஸ்டி. நியூசிலாந்து வானிலைச் சேவையின் வணிகப் பிரிவு உருவாக்கியது. கணினி மாதிரி கணக்கிட்டுத் தரும் எண்களை நேரடியாகவே படமாக மாற்றும். மேகம் உள்ள இடத்தில் நிலம் இருட்டாகும், வெயில் உள்ள இடத்தில் வெளிச்சமாகும், மழை நகர்ந்து போகும்.

இதில் லாபம் இல்லாமல் இல்லை. மழை காலையில் எங்கே இருக்கும், சாயங்காலம் எங்கே போயிருக்கும் என்பதைச் சின்னங்களால் காட்டவே முடியாது. நகரும் படம் அதைச் சுலபமாகக் காட்டிவிடும். பழுப்பு நிறத்துக்கும் நியாயம் உண்டு. நீல மழையும் வெள்ளைப் பனியும் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் அடியில் ஒரு மந்தமான நிறம் வேணும்.

ஆனால் ஒன்று கைமாறிப் போனது. நகரும் மழையைப் பார்க்கிறவருக்கு அது கணிப்பு மாதிரி தெரியாது, ஏற்கனவே நடந்ததைப் படம் பிடித்துப் போட்டுக் காட்டுகிற மாதிரி தெரியும். மழையின் விளிம்பு ஒரு ஊரை நனைத்துவிட்டுப் பக்கத்து ஊரை விட்டுவிடும். கணினி மாதிரிக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது, அந்த விளிம்பு நாற்பது கிலோமீட்டர் தள்ளிக்கூட விழலாம். இது வானிலையாளருக்குத் தெரியும். படம் அதைச் சொல்லவில்லை. பழைய சின்னம் தன் அளவிலேயே "நான் ஏறக்குறைய" என்று சொன்னது. புதுப்படம் கூடுதல் விவரத்தைக் காட்டி, கூடவே இல்லாத ஒரு நிச்சயத்தையும் காட்டியது.

சாய்ந்த நாடு

இனி ஸ்காட்லாந்து. இந்தப் புகாரைத்தான் பலரும் நக்கலாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் லண்டன்மேல் ஒரு கோபம், அதில் இதுவும் ஒன்று என்று.

விஷயம் எளிய வடிவியல்தான். ஒரு தமிழ்நாடு வரைபடத்தைத் தரையில் விரித்துவிட்டு, கன்னியாகுமரி பக்கம் தரையோடு தரையாகத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். குமரியும் நெல்லையும் பெரிசா இருக்கும். சென்னையும் திருவள்ளூரும் தூரத்தில் ஒடுங்கிப் போயிருக்கும். பிபிசியின் கேமரா இதைத்தான் செய்தது. தெற்கில் நின்று வடக்கே பார்த்தது. இங்கிலாந்தின் தென்கரை பூதாகாரமாகத் தெரிந்தது. ஸ்காட்லாந்து ஒடுங்கியது. அதற்கும் வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகள் தொலைவில் ஒரு புள்ளியாகிவிட்டன.

ஸ்காட்லாந்தின் பரப்பு சுமார் 78,000 சதுர கி.மீ. ஐக்கிய இராச்சியத்தின் மொத்த நிலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மக்கள்தொகையில் பார்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு தேறும். அதனால், "பெரும்பாலான பார்வையாளர்கள் தெற்கில்தானே இருக்காங்க, அவங்களுக்குப் பெரிசா காட்டினா என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்கலாம். தேர்தல் வரைபடம் என்றால் அந்த வாதம் செல்லும். வானிலை வரைபடத்தில் செல்லாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் பெரும்பாலும் தீவின் வடமேற்கை ஒட்டித்தான் கடக்கின்றன. மேற்கு ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதியில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் இடங்கள் உண்டு. லண்டனில் சுமார் 600 மி.மீ., நம்ம சென்னையின் ஆண்டு மழையில் பாதிகூட இல்லை. அதாவது எங்கே வானிலை அதிகம் நடக்கிறதோ அந்த இடத்தைச் சுருக்கிவிட்டு, குறைவாக நடக்கிற இடத்தைப் பெரிசுபடுத்தியிருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கு. வானிலைப் படத்தைப் பார்க்கிறவர் கண்ணாலேயே அளக்கிறார். மழைப்பட்டை எவ்வளவு அகலம், என் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கு, எத்தனை மணிக்கு இங்கே வந்து சேரும். படம் சாய்ந்துவிட்டால் இந்த அளவை கெட்டுப்போகும். தெற்கில் ஒரு சாண் தெரியும் தூரம் வடக்கில் இரண்டு விரல்கடை ஆகிவிடும். இன்வர்னஸில் இருப்பவருக்கு மழை இன்னும் எவ்வளவு தூரம் என்றே சொல்ல முடியாது. இதில் பிராந்திய உணர்வு கலந்திருக்கலாம், இல்லைன்னு சொல்லல. ஆனால் அந்த உணர்வே இல்லாத ஒருவரும் இதே குறையைச் சொல்லியிருக்க முடியும்.

பிபிசியும் இதை ஒரு அளவுக்கு ஒப்புக்கொண்டது. அதே மாதத்திலேயே கேமராவின் சாய்வைக் குறைத்தார்கள். ஆனால் முழுசா நிமிர்த்தவில்லை.

எது பழகியது, எது பழகவில்லை

இப்போது நான் முதலில் சொன்ன விளக்கத்துக்குத் திரும்பலாம். பழகிடும் என்றார்கள். பழகியதா?

பழுப்பு பழகியது. பறக்கும் கேமராவும் பெரும்பாலும் பழகியது. சில மாதத்தில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஸ்காட்லாந்து பழகவில்லை. வருஷக்கணக்கா அந்த முணுமுணுப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. 2018 பிப்ரவரியில் பிபிசி, 1922 முதல் தொடர்ந்த மெட் ஆபிஸ் உறவை முடித்துக்கொண்டு மீட்டியோகுரூப் என்ற தனியார் நிறுவனத்துக்கு மாறியது. புதிய வரைபடம் வந்தது. அதில்தான் ஸ்காட்லாந்து தன் நிஜ அளவுக்குப் பக்கத்தில் வந்தது. கிட்டத்தட்ட பதின்மூன்று வருஷம் கழித்து.

நான் சொன்ன வழி இதிலிருந்து கிடைப்பதுதான். நிறம், தோற்றம், "பழசு நல்லா இருந்துச்சு" என்கிற ஏக்கம் எல்லாம் நாள்பட்டால் ஆறிவிடும். நேற்று இந்தப் படத்தை வைத்துச் செய்ய முடிந்த ஒரு காரியத்தை இன்றைக்குச் செய்ய முடியவில்லை என்றால் அது ஆறாது. காற்றைப் பற்றிய புகார் இரண்டாவது வகை. மீனவர், மலையேறுகிறவர், சைக்கிளில் போகிறவர், துணி காயப்போடுகிறவர் எல்லாருக்கும் காத்து வேணும். "எனக்கு இந்த நிறம் பிடிக்கல" என்பவரையும் "எனக்குக் காத்து தெரியல" என்பவரையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டிப் போட்டு 'இத்தனை ஆயிரம் புகார்' என்று சொன்னால், இரண்டாவது ஆளின் குரல் அதில் காணாமல் போகும். புகார் கணக்கின் பெரிய கோளாறு இது.

எல்லாப் புகாரும் சரியா?

இல்லை. ஜெர்மனியில் நடந்தது நல்ல எதிர் உதாரணம். 2019இல் அங்கே டாகஸ்ஷாவ் என்ற பொதுத் தொலைக்காட்சிச் செய்தியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் பரப்பினார்கள். 2009 படம் பச்சை, 2019 படம் ரத்தச் சிவப்பு. வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான், மக்களைப் பயமுறுத்தவே நிறத்தை மாத்திட்டாங்க என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவை இரண்டும் வேறு வேறு வகைப் படங்கள். ஒன்று, பச்சை நிலத்தின் மேல் சின்னங்கள் வைத்த வானிலைப் படம். மற்றது, நிறத்தாலேயே வெப்பத்தைக் காட்டும் வெப்பநிலைப் படம். இரண்டு வகையும் அந்த நிகழ்ச்சியில் உண்டு. 2022 ஜூலையில் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் வெப்பநிலை 40.3 டிகிரியைத் தொட்டபோது பிரிட்டனிலும் இதே மாதிரி ஒப்பீடுகள் சுற்றின.

இந்தப் புகாருக்கு நான் சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். நேற்றுத் தெரிந்து இன்றைக்குத் தெரியாமல் போன தகவல் எது? எதுவும் இல்லை. அதனால் புகார் தவறு. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கேள்வியை நான் தூக்கிப் போட மாட்டேன். 30 டிகிரிக்குச் சிவப்பா ஆரஞ்சா என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். மெட் ஆபிஸ் 2021இல் தன் நிற அளவுகோலை மாற்றியது, நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வித்தியாசம் தெரியணும் என்பதற்காக. நல்ல காரணம். அதை மாத்தின அன்றைக்கே திரையில் ஒரு வரி போட்டுச் சொல்லிவிட்டால் சந்தேகத்துக்குப் பாதி இடம் இல்லாமல் போகும். புதுப்பித்த வடிவமைப்பை அறிமுகப்படுத்தும்போது "இன்னும் தெளிவாக, இன்னும் நவீனமாக" என்று விளம்பரம் செய்கிறார்கள். எதை எடுத்துவிட்டோம், எதற்காக எடுத்தோம் என்று மட்டும் சொல்வதில்லை.

கடைசியா ஒரு தகவல். 2018இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தீவுகளுக்கான ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு பிரிவு வரைபடங்கள் பற்றியது. ஸ்காட்லாந்தின் அரசு அமைப்புகள் நாட்டு வரைபடம் வெளியிடும்போது ஷெட்லாந்தை அதன் சரியான இடத்தில், சரியான அளவில் காட்ட வேண்டும். வசதிக்காக ஒரு பெட்டிக்குள் அடைத்து ஓரத்தில் ஒட்டக் கூடாது. காட்ட முடியாவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். பிபிசிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் டிவியில் தன் ஊர் சின்னதாத் தெரியுதுன்னு யாரோ போன் போட்டுச் சொன்னதைச் சிரித்து ஒதுக்கியவர்கள், அதே மனக்குறை பின்னால் ஒரு சட்டப்பிரிவாகவே எழுதப்பட்டதைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது "காரணம் சொல்ல வேண்டும்" என்கிற பகுதிதான். வானிலைப் படத்தை மாற்றுகிறவர்களிடமும் நான் கேட்பது அவ்வளவுதான்.