பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

1973 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைக்கு ஏறும் மாடிப்படியின் மேலே ஒரு டெலிடைப் இயந்திரத்தை வைத்தார்கள். தட்டினால் கடகடவென்று சத்தம் போடும் என்பதால் அட்டைப்பெட்டியால் மூடி, கையை நுழைக்கத் துளை விட்டிருந்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக அது சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பெரிய கணினியோடு பேசியது. வினாடிக்குப் பத்து எழுத்துகள்தான் அதன் வேகம். வந்தவர் யாரும் தகவல் சேர்க்கலாம், சேர்த்ததைத் தேடலாம். கூட வாசிக்க ஆள் தேடிய இசைக்கலைஞர்களும், நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களும் அதில் எழுதினார்கள். ‘கம்யூனிட்டி மெமரி’ என்று அதற்குப் பெயர். தன்னார்வலர்கள் நடத்தியது.

ஸ்டீவன் லெவியின் ‘ஹேக்கர்ஸ்’ (1984) இந்தக் கதையைச் சொல்கிறது. அதில் நாயகன் லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற பொறியாளர். அதே புத்தகத்தில், எம்.ஐ.டி.யின் தொடக்ககால நிரலாளர்களைப் பற்றிப் பேசும்போது, முதல்தரமான பெண் ஹேக்கர் ஒருவர்கூட வரவில்லை, ஏனென்று யாருக்கும் தெரியாது என்ற பொருளில் லெவி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒரு சுவிட்ச் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக விசாரிக்கிறவருக்கு இந்த ‘ஏன்’ மட்டும் சலித்துவிட்டது.

கிளேர் எவன்ஸின் ‘பிராட் பேண்ட்’ (2018) அந்த அறைக்குள் வேறு கதவு வழியாக நுழைகிறது. அந்தப் பெரிய கணினி, எஸ்.டி.எஸ். 940, வானத்திலிருந்து விழவில்லை. பாம் ஹார்ட் என்ற பெண் நிறுவனம் நிறுவனமாகப் பேசிப் பெற்றது அது. வியட்நாம் போர் எதிர்ப்பின் நாட்களில் கணினிப் படிப்பை விட்டு வெளியே வந்தவர் அவர். ‘ரிசோர்ஸ் ஒன்’ என்ற குழு, ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில் அதை வைத்து நடத்தியது. கம்யூனிட்டி மெமரியைத் தொடங்கியவர்களிலும் ஜூட் மில்ஹன் என்ற பெண் நிரலாளர் இருந்தார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கடுத்த பகுதி. கடைவாசல் இயந்திரம் சுமார் ஒன்றரை ஆண்டில் ஓய்ந்தது. அதே கணினியை வைத்துக்கொண்டு ஷெர்ரி ரீசன், மியா ஷோன் முதலான பெண்கள் நகரத்தின் சமூகநல உதவி மையங்களுக்கான கையேடு ஒன்றைத் தொகுத்தார்கள். எந்த மையம் எங்கே இருக்கிறது, என்ன உதவி தருகிறது என்பதைத் திரட்டி, சரிபார்த்து, அச்சிட்டு அனுப்பினார்கள். மாறியவற்றைத் திருத்தி மறுபடி அனுப்பினார்கள். கேட்பதற்கு என்ன சுவாரசியம் இருக்கிறது இதில்? ஆனால் பழைய முகவரி ஒன்று கணினிக்குள் கிடந்தால் கணினிக்கு ஒன்றும் ஆகாது. கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி அங்கே போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவளுக்குத்தான் ஒரு நாள் போகிறது.

எவன்ஸோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. இணையத்தை ‘உருவாக்கிய’ பெண்கள் என்று துணைத்தலைப்பு வைக்கிறார். இவர்களும் உருவாக்கியவர்கள்தான் என்று நிரூபித்தால்தான் வரலாற்றில் இடம் என்றால், அளவுகோல் இன்னும் லெவியுடையதே. அந்தக் கையேட்டுப் பெண்களின் வேலையில் பெரும்பகுதி உருவாக்குவது அல்ல, பார்த்துக்கொள்வது. அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்றும் படிக்கிறோம். கணினியை அதுவரை தொட்டே இராதவர் துளைக்குள் கையை நுழைக்கத் துணிந்தது அந்த ஆளை நம்பித்தானே? அவரை எந்தச் சொல்லால் குறிப்பது?

இதைக் கேட்க எனக்குத் தகுதி உண்டா என்பதும் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை நூலகத்தில் மூன்று பழைய கணினிகளைக் கம்பியால் இணைத்தோம். கல்வி உதவித்தொகை, விடுதி, தேர்வுக் கட்டணத் தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். இணைத்துக் கொடுத்த மாணவன் கெட்டிக்காரன். இரண்டு சனிக்கிழமைகளில் முடித்தான். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினோம். வாரம் தவறாமல் அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசி, தேதிகளைத் திருத்தியவர்கள் இரண்டு மாணவிகள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்கள் படிப்பு முடிந்து போனார்கள். அந்த வேலை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை, நானும் உட்பட. அடுத்த ஆண்டு, முதலாண்டு மாணவி ஒருத்தி திரையில் கண்ட கடைசித் தேதியை நம்பி விண்ணப்பத்தோடு வந்தாள். அது முந்தைய ஆண்டின் தேதி. உதவித்தொகை கிடைக்கவில்லை.

அந்த ஆண்டறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நானே எழுதியது. மாணவனின் பெயர், வகுப்பு, படம் எல்லாம் இருக்கின்றன. கீழே ஒரு வரி: மாணவிகள் சிலர் உதவினர்.