வரிசை எப்படியும், வருகை ஒரே முறை

ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் சில உறுப்புகள் எந்த வரிசையிலும் வரலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது. விதி இவ்வளவுதான். எக்ஸ்எம்எல்லின் முன்னோடியாக 1986இல் வந்த எஸ்ஜிஎம்எல் இதற்கென்றே '&' குறியை வைத்திருந்தது. 1998இல் எக்ஸ்எம்எல்லை வடிவமைத்தவர்கள் எளிமை கருதி அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, கோப்பின் அமைப்பை வரையறுக்கும் டிடிடியில் இதே விதியைச் சொல்ல, எல்லா வரிசைமாற்றங்களுக்கும் இடம்கொடுத்து எழுத வேண்டியதாயிற்று. மூன்று உறுப்புகளுக்கு 6 வரிசைகள், ஐந்துக்கு 120, பத்துக்கு 36,28,800.

2001இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா 'ஆல்' என்ற குழுவைத் தந்தது. கையால் எழுதும் அமைப்புக் கோப்புகளுக்கு அது உண்மையிலேயே நல்ல கருவி. வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே உறுப்பை இருமுறை எழுதினால் சரிபார்ப்பி உடனே பிடித்துவிடும். ஆனால் அந்தக் குழுவுக்குள் எந்த உறுப்பும் ஒரு முறைக்கு மேல் வர முடியாது, அதை வேறொரு வரிசைக்குள் பொதியவும் முடியாது. நடைமுறைக் கோப்புகளிலோ ஒருமுறை வருவதும் பலமுறை வருவதும் கலந்தே இருக்கும்.

ஜாவா வலைச் செயலிகளின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல் இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. அதை வரையறுக்கும் சர்வ்லெட் தரத்தின் 2.3 பதிப்பு வரை டிடிடி கறாரான வரிசையைக் கேட்டது. ஒரு உறுப்பு இடம் மாறினாலும் பிழை. 2003இல் வந்த 2.4 பதிப்பு ஸ்கீமாவுக்கு மாறி, எந்த மேல்மட்ட உறுப்பும் எத்தனை முறையும் வரலாம் என்று தளர்த்தியது. வரிசைத் தொல்லை ஒழிந்தது. கூடவே, உள்நுழைவு அமைப்பு இருமுறை வந்தால் தடுக்கும் காவலும் போயிற்று. அந்தக் கண்டிப்பு டிடிடியிலிருந்து விளக்கவுரைக்கு இடம்பெயர்ந்தது. இதை நான் பின்னடைவு என்றே சொல்வேன். வரிசை மாறினால் குடி முழுகாது. ஒரே அமைப்புக்கு இரண்டு மதிப்புகள் இருந்தால், எது செல்லும் என்பது நிரலின் போக்கைப் பொறுத்ததாகிவிடும்.

ஜாவா நிரல்களைக் கட்டும் கருவியான மேவன் இதைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. அதன் பிஓஎம் கோப்பில் சார்புகள் எத்தனை இருந்தாலும் 'டிபென்டென்சீஸ்' என்ற ஒரே உறைக்குள் அடங்குகின்றன. அதனால் மேல்மட்ட உறுப்புகள் எல்லாமே ஒருமுறை வருபவை. 'ஆல்' குழு தடங்கலின்றிப் பொருந்துகிறது.

இன்னொரு ஸ்கீமா மொழியான ரிலாக்ஸ் என்ஜியின் 'இன்டர்லீவ்', ஒருமுறை வருவதும் பலமுறை வருவதும் சேர்ந்த கலவையைத் தொடக்கத்திலிருந்தே ஏற்றது. 2012இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா 1.1உம் 'ஆல்' குழுவின் தடையைத் தளர்த்தியது. ஆனால் டாட்நெட்டின் உள்ளமைந்த சரிபார்ப்பி இன்னும் 1.0இலேயே நிற்கிறது. 1.0ஐ விட்டு நகர முடியாதவர்கள், பலமுறை வருவதை உறைக்குள் வைத்து 'ஆல்' குழுவையே பயன்படுத்துங்கள். வரிசைச் சுதந்திரத்துக்காக ஒருமுறை விதியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.