கியூ தோட்டத்தில் ஹென்றி மூர்

லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருக்கும் கியூ தாவரவியல் பூங்காவில் 2007 செப்டம்பர் முதல் 2008 மார்ச் வரை ஹென்றி மூரின் 28 சிற்பங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெரும்பாலானவை ஆளுயரத்தை மிஞ்சிய வெண்கல வார்ப்புகள். மூர் (1898–1986) யார்க்‌ஷயரின் காசில்போர்டில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிற்பத்துக்கு உரிய இடம் திறந்தவெளிதான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1948இல் லண்டன் பாட்டர்சி பூங்காவில் நடந்த திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சியிலும் அவருடைய படைப்பு இடம்பெற்றது.

கூழாங்கல், எலும்புத் துண்டு, சிக்கிமுக்கிக் கல் என்று வழியில் கண்டதையெல்லாம் மூர் பொறுக்கிச் சேர்ப்பார். அவற்றிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டர் மாதிரிகள் பிறக்கும். பிறகு அவை பெரிதாக்கப்பட்டு வெண்கலத்தில் வார்க்கப்படும். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தே உருவான வடிவம் என்பதால் அதற்கு முன்புறம், பின்புறம் என்று கிடையாது. எந்தப் பாதை வழியாகவும் ஆள் வந்து சேரும் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் அமைவது அரிது.

‘முனைகள் கொண்ட நீள்வட்டம்’ என்ற சிற்பத்தின் அருகில் போய் நிற்க வேண்டும். பத்தடிக்கு மேல் உயர்ந்த வெண்கல வளையம் அது. அதன் நடுவே இரு பக்கத்திலிருந்தும் இரண்டு கூர்முனைகள் நீண்டு வந்து, தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிடுகின்றன. அந்த இடுக்கில்தான் சிற்பத்தின் உயிர் இருக்கிறது. கண் அங்கேயே போய் நிலைக்கிறது. கலைக்கூடத்துக்குள் இந்தத் திறப்பின் பின்னால் தெரிவது சுவர்தான். கியூவிலோ புல்லும் மரமும் வானமும் அதற்குள் வந்து அமர்ந்தன. ஓரடி நகர்ந்தால் உள்ளே இருந்த மரம் வெளியேறி, வேறொரு மரம் நுழையும். மூரின் துளைகள் சிற்பத்தில் விட்டுப்போன இடங்கள் அல்ல. வெண்கலத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு அவர் செதுக்கிய வடிவங்கள்.

இருபதடிக்கும் மேல் நிமிர்ந்து நிற்கும் ‘உள்வடிவம், புறவடிவம்’ இன்னொரு வகை. கூடு போன்ற வெளியுருவத்துக்குள் மெலிந்த உருவம் ஒன்று ஒடுங்கி நிற்கிறது. கருவைச் சுமக்கும் தாய் என்றும், பொந்துள்ள அடிமரம் என்றும் அதைக் காணலாம். 1950களில் இதே கருத்தை மூர் எல்ம் மரத்தில் செதுக்கியிருந்தார். மரத்தில் தோன்றிய வடிவம் வெண்கலமாகி மரங்களுக்கு நடுவே திரும்பி வந்தது போன்ற நிறைவு இதில் உண்டு.

திறந்தவெளி எல்லாச் சிற்பத்தையும் தாங்கிப் பிடிக்காது. மெல்லிய கோடுகளையும் நுண்ணிய மடிப்புகளையும் நம்பிய படைப்பு இலைகளின் சலனத்தில் கரைந்துபோகும். அங்கே திரண்ட வடிவமே நிற்கும்.

கண்காட்சி நடந்த மாதங்களும் வாய்ப்பாக அமைந்தன. இலை உதிர்ந்தபின் கிளைகளின் வளைவும் கணுவும் சிற்பங்களின் வளைவுகளுக்கு இணையாகத் தெரிய வரும். தோட்டத்தைக் கோடையில் பார்ப்பது வழக்கம். மூரைப் பார்க்கக் குளிர்காலமே சிறந்தது. மழையில் நனைந்த வெண்கலம் கருத்து மின்னும். காய்ந்தபின் களிம்பின் பச்சை மீண்டும் மேலெழும்.

கியூவில் கண்காட்சி முடிந்ததும், 2008 கோடையில் மூரின் 20 சிற்பங்கள் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் வைக்கப்பட்டன. ‘முனைகள் கொண்ட நீள்வட்டம்’ சிற்பத்தின் மற்றொரு வார்ப்பு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. மாணவர்கள் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து, அதன் உள்வளைவில் வெண்கலம் பொன்னாகத் தேய்ந்திருக்கிறது.