பாக்தாத் திருடன்: விடுதலையாளனும் வாரிசும்

சிறுவர்க்கென ஆக்கப்பெற்ற கலைப்படைப்புகள் திறனாய்வுக்கு உரியன அல்ல என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. முற்போக்கு எண்ணமுடையோரும் இதற்கு விலக்கல்லர். பறக்கும் கம்பளத்தையும் புட்டிக்குள் அடைபட்ட பூதத்தையும் கண்ட மாத்திரத்தே, மக்களை மயக்கும் வெறுங்கனவு எனக் கூறி அப்பாற் செல்வதே அவர்தம் வழக்கமாயிருந்து வந்துள்ளது. கனவுதான், ஐயமில்லை. ஆயின் அக்கனவில் உழைப்பவர் எவர், அவ்வுழைப்பின் பயனைப் பெறுபவர் எவர் என்ற வினாக்களை எழுப்பாது விடுவது சமூகவியல் நோக்கு ஆகாது. 1940 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வினாக்களுக்கு வியத்தகு வகையில் இடந்தருவது. (எம்.ஜி.ஆர். நடித்து 1960 இல் இதே பெயருடன் வந்த தமிழ்ப்படத்தை இங்கு நாம் கருதவில்லை.)

ஹங்கேரியிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய அலெக்சாந்தர் கோர்டா இதன் தயாரிப்பாளர். 1939 இல் டென்ஹம் கலையகத்திற் பணிகள் நடந்துகொண்டிருக்கையில் யுத்தம் மூண்டது. எஞ்சிய பகுதிகள் அமெரிக்காவிற் படமாக்கப்பட்டன. லுட்விக் பேகர், மைக்கல் பவல், ரிம் வீலன் என நெறியாளர் மூவரின் பெயர்கள் படத்திற் குறிக்கப்பட்டுள்ளன. பெயர் குறிக்கப்படாது பணியாற்றியோரும் உளர். வர்ண ஒளிப்பதிவு, கலையமைப்பு, தந்திரக் காட்சிகள் ஆகிய மூன்றுக்கும் ஒஸ்கார் விருது கிடைத்தது. தொழில்நுட்பச் சிறப்பைப் பற்றி எழுதியோர் பலர். கதையின் கட்டமைப்பே இங்கு நமது அக்கறைக்குரியது.

இப்படத்தின் கதை 'ஆயிரத்தொரு இரவுக'ளில் எங்கும் இந்த வடிவிற் காணப்படுவதன்று. பல கதைகளினின்றும் எடுத்த துணுக்குகளைத் தைத்து ஆக்கப்பட்டது. இதனைக் குறையெனக் கொள்ளல் தகாது. அத்தொகுதியே அவ்வாறு வளர்ந்ததுதான். 1704 முதல் 1717 வரை அதனைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட அன்ட்வான் கலான், அலாவுதீன் கதையையும் அலிபாபா கதையையும் எந்த அரபுக் கையெழுத்துப் பிரதியினின்றும் பெறவில்லை. அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் என்பார் 1709 இற் பாரிசில் அவருக்கு வாய்மொழியாகச் சொன்னவை அவை. எனவே கலப்பு நிகழ்ந்துள்ளது என்பதன்று பிரச்சினை. கலப்பினால் எது மாறியது என்பதே.

முதலாவது மாற்றம் அமைச்சன் பற்றியது. ஹாரூன் அல் றஷீதின் அமைச்சனும், அம்மன்னனின் ஆணையாலேயே 803 இற் கொலையுண்டவனுமாகிய ஜஃபர், கதைத்தொகுதியில் மன்னனுடன் மாறுவேடத்தில் நகர்வலம் வரும் நற்றுணைவன். திரைப்படத்திலோ அப்பெயர் கொடிய சூனியக்காரனுக்குச் சூட்டப்பட்டுள்ளது. இதன் விளைவு யாது? பாக்தாத்தின் கொடுங்கோன்மை முழுவதும் இளம் மன்னன் அஹமதுவின் பெயராலேயே நடைபெறினும் பழி அனைத்தும் அமைச்சன்மேற் சென்றுவிடுகின்றது. மன்னன் நல்லவன், சூழ்ந்திருப்போரே தீயோர் என்பது நிலமானியச் சமுதாயங்கள் யாவற்றிலும் காணப்படும் பழைய ஆறுதலாகும். வரலாற்றிற் கொலைசெய்வித்தவன் மன்னன், கொலையுண்டவன் அமைச்சன் என்பதை நினைவுகூர்ந்தால் இம்மாற்றத்தின் முரண் நன்கு புலப்படும்.

இரண்டாவது மாற்றமே மிக முக்கியமானது. இதே பெயரில் 1924 இல் ராவுல் வால்ஷின் நெறியாள்கையில் டக்ளஸ் பெயர்பாங்ஸ் நடித்த அமெரிக்க மௌனப்படம் ஒன்றுண்டு. அதிலே திருடனே கதாநாயகன். திருடி வாழ்ந்தவன், இன்பம் முயன்று ஈட்டப்படவேண்டியது என்ற பாடத்தைக் கற்று, இடர்கள் பல கடந்து, இளவரசியை அடைகின்றான். தன்முயற்சியால் மேனிலை எய்தும் தனிமனிதன் என்ற அமெரிக்கப் பூர்ஷ்வா இலட்சியம் அதிற் செறிந்திருப்பது உண்மையே. எனினும் கீழ்நிலையிலுள்ளவன் உயர்நிலை அடைவதற்கு அப்படம் தடை கூறவில்லை. 1940 ஆம் ஆண்டுப் படம் அந்த ஒருவனை இருவராகப் பிளந்துவிட்டது. காதலும் சிம்மாசனமும் ஆங்கில நடிகர் ஜோன் ஜஸ்ரின் நடித்த அஹமதுவுக்கு. திருட்டும், பசியும், துணிவும், செயலும் மைசூரைச் சேர்ந்த யானைப்பாகனின் மகனான சபு நடித்த அபு என்னும் சிறுவனுக்கு.

படத்தின் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி நோக்கின் இப்பங்கீடு எத்துணை வெளிப்படையானது என்பது தெரியவரும். சிறையினின்று மன்னனைத் தப்புவிப்பவன் அபு. மன்னனின் காதலுக்காக நாயாக உருமாற்றப்பட்டுத் துன்புறுபவனும் அவனே. பூதத்தை ஏமாற்றி மீண்டும் புட்டிக்குள் அடைத்து வசப்படுத்துபவன் அவன். இராட்சதச் சிலந்தியுடன் போராடிச் சிலையின் ஞானக்கண்ணைக் கவர்ந்து வருபவனும் அவனே. இறுதியில் கம்பளத்திற் பறந்து வந்து ஜஃபரை அம்பெய்து கொல்பவனும் அவன். அஹமது செய்வது காதலித்தலும் சிறைப்படுதலுமே. இது தற்செயலன்று. கொடுங்கோலனை அழிப்பவன் தாழ்ந்தோரிலும் தாழ்ந்த ஒரு சிறுவனாக இருப்பான், வானத்தில் தோன்றுவான் என்று கதையின் தொடக்கத்திலேயே முதியவர் ஒருவர் தீர்க்கதரிசனம் கூறுகின்றார். அத்தீர்க்கதரிசனம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறுகின்றது. ஆயினும் விடுதலையாளனுக்கு ஆட்சி இல்லை. அபுவை வாரிசாக ஏற்க முன்வரும் மன்னரும் படத்தில் ஒருவர் உள்ளார். ஆனால் அவர் ஆள்வது கற்பனைகளின் நாட்டை! மெய்யான பாக்தாத் அஹமதுவுக்கே மீள்கின்றது.

அபு சிறுவனாதலின் காதலும் முடியும் அவனுக்கு எங்ஙனம் பொருந்தும் என வினவலாம். சபுவுக்கு அப்போது வயது பதினைந்து, பதினாறு. ஜோன் ஜஸ்ரினுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருவர்க்கும் இடைப்பட்டது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே. சபுவை என்றும் சிறுவனாகவே வைத்திருத்தல் வயதைச் சார்ந்தது அன்று. குடியேற்ற நாட்டு மக்களை, வளர்ச்சியடையாத, பாதுகாவலர் தேவைப்படும் பிள்ளைகளாகக் கண்ட ஏகாதிபத்தியக் கருத்துநிலையின் திரைவடிவம் அது. 'யானைப் பையன்' (1937) படத்தில் சபுவை அறிமுகஞ்செய்த கோர்டா, அடுத்த ஆண்டிலேயே வடமேற்கு எல்லைப்புறத்தில் ஆங்கிலேயர் பக்கம் நிற்கும் இளவரசனாக அவரை நடிக்கவைத்து 'பேரிகை' என்ற படத்தை வெளியிட்டார். அதற்குப் பம்பாயில் கடும் எதிர்ப்பு எழுந்தமை பதிவாகியுள்ளது. அரபுக்கதை என்னும் திரையை விலக்கினால் 'பாக்தாத் திருட'னும் அவ்வரிசையில் வருவதே.

ஆயினும் இப்படத்தை ஏகாதிபத்தியப் பிரசாரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதற்கு நாம் உடன்படோம். எட்வர்ட் சைத் 1978 இல் வெளியிட்ட நூலைப் பின்பற்றி, இப்படம் காட்டும் கிழக்கு பொய்யானது என நிறுவுதல் எளிது. பல கைகள் கொண்ட வெள்ளிப் பதுமை இந்தியத் தெய்வ உருவை நினைவூட்டியவாறு பஸ்ரா நகர அரண்மனையில் வந்து நிற்கின்றது. அபு பூதத்திடம் கேட்கும் முதல் வரமோ தன் தாய் பொரித்துத் தருவது போன்ற சொசேஜ்! பாக்தாத் தாய் ஒருத்தி ஆங்கிலேயரின் காலையுணவைச் சமைத்த விந்தையை எண்ணி நகைக்கலாம். ஆனால் அக்காட்சியே படத்தில் நாட்டார் கதைக்கு மிக அண்மையிலுள்ள காட்சி என்பது எமது கருத்து. உலகத்தையே கேட்கத்தக்க வேளையிற் பசித்தவன் உணவைக் கேட்கின்றான். மூலக்கதையிற் பூதத்தை மதியால் வென்ற மீனவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடைய வறியவனே. இளவரசனின் காதலுரைகளில் இல்லாத உயிர்ப்பு இவ்விடத்தில் உள்ளது.

படம் உருவாகிய காலமும் இம்முரண்பாட்டை விளக்கும். ஜஃபராக நடித்த கொன்றாட் வைற் நாசி ஜேர்மனியை விட்டு நீங்கிய கலைஞர். கொடுங்கோன்மையை வெறுக்கும் உண்மையான உணர்ச்சி இப்படத்தில் உள்ளதெனில் அதற்கு அடிப்படை உண்டு. அதேவேளை, 1939 செப்டெம்பரில் இந்தியத் தலைவர்களைக் கலந்தாலோசியாமலே இந்தியாவை யுத்தத்திற் சேர்த்தவர் ஆங்கிலப் பிரதிநிதி லின்லித்கோ. யுத்தம் முடிவதற்குள் இந்தியப் படையின் தொகை 25 இலட்சத்தை எட்டியது. பிறரின் விடுதலைக்காகப் போரிட்டவர்க்குத் தம் நாட்டில் ஆட்சி இல்லை. அபுவின் நிலையும் அதுவே.

பூதமாகத் தோன்றிய கறுப்பின நடிகர் றெக்ஸ் இங்கிறமின் காட்சிகளையும் இத்தொடர்பில் நோக்கவேண்டும். ஈராயிரம் ஆண்டு அடைபட்டிருந்த பூதம் மூன்றாவது வரம் முடிந்ததும் விடுதலையடைந்து பெருநகைப்புடன் பறந்து மறைகின்றது. நன்றியுணர்வோ பிரிவுத்துயரோ அதனிடம் இல்லை. அபு பாலையிற் தனித்து நிற்பது பற்றிய கவலையும் இல்லை. அடிமையின் விடுதலை எசமானுக்கு இனிமையாக இருக்கவேண்டியதில்லை என்பதை ஒரு சிறுவர் படம் இத்துணை அப்பட்டமாகக் காட்டியது அரிது.

முடிவுக் காட்சியும் அத்தகையதே. அரியணையில் மீண்டும் அமர்ந்த அஹமது, அபுவைப் பள்ளிக்கு அனுப்பிக் கல்வி புகட்டித் தன் பிரதம அமைச்சனாக்கப் போவதாக மக்கள் முன் அறிவிக்கின்றான். கல்வியும் உத்தியோகமும்! குடியேற்ற ஆட்சி தன் குடிகளுட் சிலர்க்கு அளித்த உச்சப் பரிசு வேறெதுவும் அன்று. நம் நாட்டுப் படித்த வர்க்கம் எதனாற் சமைந்தது என்பதை அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. அபு அதைக் கேட்டு முகம் வாடுகின்றான். கம்பளத்தில் ஏறிப் பறந்துவிடுகின்றான். ஆட்சியைக் கேளாமல் அவனைப் போகவிடுவது அரியணைக்கு வசதியானதே. எனினும் அரசனின் பரிசைச் சிறுமையானது எனக் கண்டு அவன் மறுப்பதையும் படம் மறைக்கவில்லை.

1992 இல் வோல்ற் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'அலாவுதீன்' சித்திரப்படம் இப்படத்துக்குப் பெரிதும் கடன்பட்டது. தீய அமைச்சன் ஜஃபர் அங்கும் வருகின்றான். திருடனும் காதலனும் அங்கு மீண்டும் ஒருவரே ஆகின்றனர். அபு என்ற பெயர் மாத்திரம் எஞ்சியிருந்தது. அது அலாவுதீனின் குரங்குக்கு இடப்பட்டது.