காரோட்டியும் கைபேசியும்: ஓர் ஆய்வின் மதிப்பீடு

வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசினால் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காகும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த எண் எங்கே பிறந்தது தெரியுமா? கனடாவின் டொரான்டோ நகரில் ரெடல்மயர் என்ற மருத்துவரும் திப்ஷிரானி என்ற புள்ளியியலாரும் நடத்தி, 1997-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வில்தான். எண்ணை எடுத்தாள்வோர் பலர். ஆய்வைப் படித்தோர் சிலரே போலும்.

முதலில் அதன் முறையைப் பாராட்ட வேண்டும். பேசிக்கொண்டு ஓட்டுபவரைப் பேசாமல் ஓட்டுபவரோடு ஒப்பிட்டால், முன்னவர் இயல்பிலேயே அவசரக்காரர் என்று யாரும் மறுத்துவிடலாம். ஆகவே ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டார்கள். கைபேசி வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 பேரின் அழைப்புப் பதிவுகளைப் புரட்டினார்கள். மோதலுக்கு முந்தைய 10 நிமிடங்களில் பேசியவர் 170 பேர். முதல் நாள் அதே நேரத்தில் பேசியவர் 37 பேர். முதல் நாள் அந்நேரத்தில் எல்லாருமே காரில் இருந்திருப்பார்களா? அதற்கும் கணக்கில் இடம் கொடுத்த பின்னரே 4.3 என்ற விடை கிடைத்தது.

குறையும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். மோதிய நேரமோ நிமிடக் கணக்கில்கூடத் துல்லியமாகத் தெரிவது அரிது. மோதிய பின் பதறி வீட்டுக்குப் பேசியது, மோதுமுன் பேசியதாகச் சில இடங்களில் பதிவாகியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை, படித்தவர்களுடையது. கருவியைக் கையில் பிடித்துப் பேசியோர்க்கு 3.9 மடங்கு, பிடிக்காமல் பேசியோர்க்கு 5.9 மடங்கு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் அமையக்கூடியது. ஆதலால் பின்னது கூடுதல் ஆபத்து என்று சொல்ல இயலாது. பாதுகாப்பானது என்று சொல்லவும் சான்றில்லை! அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுக்கூடச் சோதனையும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. வானொலி கேட்டவர்கள் தடுமாறவில்லை. உரையாடியவர்களோ, எவ்வகைக் கருவியாயினும், சிவப்புச் சைகையை இரு மடங்கு தவறவிட்டார்கள். கவனத்தைப் பறிப்பது உரையாடலே என்று கொள்ள இது இடம் தருகிறது.

ஆனால் டொரான்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாணத்திலேயே, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் கையில் பிடிக்கும் கருவியை மட்டும் தடுத்து, மற்றதை அனுமதித்தது. நம் நாட்டில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் 'கையில் பிடிக்கும்' சாதனத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.