துணி உலர்த்தியும் சுவருக்குள் மறைந்த குழாயும்

வட அமெரிக்க வீடுகளில் துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில், அதே பருமனில் மற்றோர் எந்திரம் நிற்கும். ஈரத்துணியைச் சுழலும் உருளையில் இட்டுச் சூடான காற்றால் உலர்த்தித் தருவது அதன் வேலை. கனடாவிலோ அமெரிக்காவிலோ உறவினர் வீட்டில் தங்கி வந்த வாசகர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். அதன் முதுகிலிருந்து புறப்பட்டுச் சுவருக்குள் நுழைந்துவிடும் குழாயை அவர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் குழாயைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

இந்த எந்திரங்களால் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் நேர்ந்தன என்று ஐக்கிய அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 பேர் இறந்தனர். 100 பேர் காயமுற்றனர். காரணங்களில் முதலிடம் பெற்றது, 34 சதவீதத்துடன், "சுத்தம் செய்யத் தவறியமை". இந்தச் சொற்றொடரோடுதான் நமக்கு வழக்கு.

எதைச் சுத்தம் செய்யத் தவறினர்? துணி உருளும்போது அதிலிருந்து பஞ்சுத் துகள் உதிர்கிறது. எந்திரத்திலுள்ள வலை அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அதை ஒவ்வொரு முறையும் துடைப்பது எளிது. துடைக்காதவரைக் குறை சொல்லலாம். ஆனால் நுண்ணிய துகள்கள் வலையைத் தாண்டி, நிமிடத்துக்கு 100 முதல் 200 கன அடி வரை வெளியேறும் ஈரக்காற்றோடு குழாய்க்குள் போய்விடுகின்றன. குழாய் நீண்டு வளைந்தால் உராய்வு மிகும், காற்றின் வேகம் குறையும், துகள் படியும். குளிர்ந்த பரண் வழியே குழாய் சென்றால் நீராவி உள்ளே வியர்த்து, படிந்ததைப் பசைபோல் ஒட்டிவிடும். வழி அடைபட அடைபட எந்திரத்துக்குள் சூடு ஏறுகிறது. அங்கே கிடப்பதோ உலர்ந்த பஞ்சு. அடுப்பு மூட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது!

அந்நாட்டுக் குடியிருப்புக் கட்டட விதி இதை அறியாததன்று. 4 அங்குல விட்டம், உட்புறம் வழுவழுப்பான உலோகம், முனை வீட்டுக்கு வெளியே, காற்று திரும்பாதபடி ஒரு மடல் என அனைத்தும் அதில் உண்டு. வெளிமுனையில் கம்பிவலை கூடாது என்றும் சொல்கிறது. பறவை புகாமலிருக்க நல்லெண்ணத்தோடு மாட்டும் வலையே பஞ்சு அடைக்கும் முதல் இடமாகிவிடும். வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள்குழாயை மாட்டுவோர் தீக்கு எரிபொருளும் சேர்த்துத் தருகின்றனர்.

நீளத்துக்கும் வரம்பு உண்டு: 35 அடி, ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் 5 அடி கழிக்க வேண்டும். நான்கு திருப்பம் இருந்தால் மிஞ்சுவது 15 அடி. தயாரிப்பாளர் தம் எந்திரத்துக்கெனக் கூடுதல் நீளம் குறித்திருந்தால் விதி அதையும் ஏற்கிறது. இங்கேதான் நமக்கு உடன்பாடில்லை. இந்த வரம்பு காற்றோட்டத்தைக் கருதி எழுந்தது. குழாயின் நடுப்பகுதி வீட்டுக்காரரின் கைக்கு எட்டுமா என்பதைக் கருதி எழுந்ததன்று. வெளிச்சுவரை ஒட்டி எந்திரத்தை நிறுத்தியிருந்தால் 2 அடிக் குழாய் போதும். வீட்டின் நடுவிலோ மாடியிலோ சலவை அறையை வைத்துவிட்டு, சுவருக்குள் குழாயை மூடிப் பூசியவர் கட்டியவர். ஆண்டுக்கொரு முறை குழாயைச் சுத்தம் செய்க என்று ஏட்டில் ஒரு வரி எழுதியவர் விற்றவர். பழி மட்டும் குடியிருப்பவருக்கு!

குழாயே வேண்டாமென்று காற்றை அறைக்குள் விடுவது இன்னும் மோசம். ஒரு முறை உலர்த்தினால் இரண்டு மூன்று லிட்டர் நீர் அறைக்காற்றில் கலக்கும். சுவரில் பூஞ்சை பிடிக்கும். எரிவாயுவால் சூடாகும் எந்திரமாயின், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கி உயிரைப் பறிக்கலாம்.

அத்தகைய வீட்டில் உங்கள் மகனோ மகளோ இருந்தால், கடிதத்தில் இதைக் கேட்டு எழுதுங்கள்: முன்பு ஒரு சுற்றில் உலர்ந்த துணிக்கு இப்போது இரண்டு சுற்று தேவைப்படுகிறதா? எந்திரம் ஓடும்போது வெளியே சென்று பார்த்தால் மடல் முழுதும் திறந்து, சூடான காற்று கையில் பலமாக மோதுகிறதா? மோதவில்லையெனில் எந்திரத்தை நிறுத்திவிட்டு, குழாயைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவரை அழைக்கட்டும். அதுவரை துணியைக் கொடியில் போடலாம்.